வேதசாட்சியின் முன்பல்

எங்கள் பல்செட் பட்டறையில் அவனுக்கு லத்தீன் என்று பெயர். வைத்தது நான்தான். வயது இருபத்துமூன்று. காலையில் மோட்டாரைப் போடுமுன் நெற்றியில் சிலுவை போட்டு, நமக்குப் புரியாத பாஷையில் ஒரு ஜெபம் சொல்வான். அவனுக்கும் புரியாது. தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தது. அர்த்தம் கேட்டால், "கடவுளுக்குப் புரியும்ணே, உங்களுக்கு எதுக்கு" என்பான். பதில் சரியாக இருப்பதுதான் எரிச்சல்.

அவன் பக்தி பழைய மாடல். யாராவது திருப்பலி என்றால் "பூசைன்னு சொல்லுங்க" என்று திருத்துவான். கோயிலில் கிட்டார் சத்தம் கேட்டால் எழுந்துபோய் வெயிலில் நிற்பான். நாக்கை நீட்டாமல் கையில் நன்மை அப்பம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிற மாதிரி இருக்கிறதாம். அவன் மேஜையில் ஒரு வரிசை பல், ஒரு வரிசை புனிதர் படம். தலை வெட்டுப்பட்டவர், அம்பு தைத்தவர், தோல் உரிபட்டவர்.

"படுக்கையில செத்தவங்க யாருமே இல்லையாடா?"

"இருக்காங்கண்ணே. எனக்குப் பிடிக்காது."

அவனுக்குப் பிடிக்காத இன்னொரு ஆள் அவன் அப்பா. டெய்லர். நாற்பது வருடமாக நூலைப் பல்லால் கடித்தே அறுத்தவர். நூல் அறுந்தால் ஒரு கெட்ட வார்த்தை, அறாவிட்டால் இரண்டு. "அந்த வாயால நன்மை வேற வாங்குறாரு" என்று மகன் பட்டறையில் புலம்புவான். அவர் குடித்த டம்ளரில் தண்ணீர் குடிக்கமாட்டான். அம்மா செத்ததிலிருந்து அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. வீட்டில் இரண்டு ஆண்கள், ஒரு தையல் மெஷின், நடுவில் மாதா சுரூபம்.

டெய்லருக்குப் பல்லெல்லாம் ஆட்டம் கண்டது. டாக்டர் மொத்தமாகப் பிடுங்கினார். செட் வேலை எங்களிடம் வந்தது. லத்தீன் தொடவே இல்லை.

"அந்த வாய்க்கு நீங்களே செய்யுங்கண்ணே."

நிறமும் அளவும் பார்க்க, பிடுங்கிய முன்பல் ஒன்றையும் டாக்டர் சின்னக் கவரில் அனுப்பியிருந்தார். அதன் நுனியில் அரம் போட்டது மாதிரி ஒரு பள்ளம். நாற்பது வருட நூல். வேலை முடிந்ததும் குப்பையில் போட்டிருக்க வேண்டும். நான் அதை மோதிர டப்பாவில், சிவப்புத் துணிமேல் வைத்து லத்தீனிடம் நீட்டினேன்.

"வெளிநாட்டுல கன்னியர் மடத்துல வேலை பாக்கற என் மச்சினி கொண்டாந்தாடா. வேதத்துக்காக உயிர விட்ட, பேர் தெரியாத ஒரு வேதசாட்சியோட பல்லாம். திருப்பண்டம். என்ன மாதிரி குடிக்கிறவன் வீட்ல வைக்கலாமா? நீயே வச்சுக்க."

சாயங்காலம் உண்மையைச் சொல்லிச் சிரிப்பதுதான் திட்டம். ஆனால் அவன் பல்தூள் கொட்டிய தரையில் அப்படியே முழங்காலில் விழுந்துவிட்டான். பல் செய்கிறவன் பல்லைப் பார்க்கவில்லை, பள்ளத்தைப் பார்த்தான்.

"இங்க பாத்தீங்களாண்ணே. வாயில கம்பியக் குடுத்து இழுத்திருக்காங்க. வேதத்த மறுதலிக்கச் சொல்லி."

"இருக்கும்" என்றேன்.

சாயங்காலம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அவன் ஒரு நாளைக்கு மூன்று வேளை டப்பாவைத் திறந்து பல்லை உதட்டில் ஒற்றி முத்தி செய்ய, பட்டறையே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடும். மூன்று மாதம் ஓடினோம்.

லத்தீனிலேயே பூசை வைக்கிற ஒரு குருமடத்தில் சாமியாருக்குப் படிக்க அவன் மனுப் போட்டிருந்தான். அதுதான் அவன் உயிர். அதற்கு எங்கள் கோயில் பங்குச் சாமியாரின் கடிதம் வேண்டும். அவர் கிட்டார் கட்சி. ஆனாலும் நல்ல மனிதர். "உங்கப்பா சம்மதம்னு என் முன்னால சொல்லட்டும், கையெழுத்துப் போடறேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். திருப்பண்டம் தந்த புண்ணியவான் என்று லத்தீன் என்னையும் கூப்பிட்டிருந்தான்.

"போகட்டும் சாமி" என்றார் டெய்லர். "இங்க என் மூஞ்சியப் பாக்காம இருக்கறதுக்கு, அங்க போய் ஆண்டவர் மூஞ்சியப் பாக்கட்டும்."

சாமியார் பேனாவைத் திறந்தார். லத்தீன் அதோடு விட்டிருக்கலாம்.

"கையெழுத்துக்கு முன்னாடி எல்லாரும் திருப்பண்டத்த முத்தி செய்யணும் சாமி."

சாமியார் செய்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். டெய்லர் குனிந்தபோது மகன் டப்பாவைப் பின்னால் இழுத்தான்.

"வாயத் தொடச்சிட்டு வாங்க."

டெய்லர் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"டேய், இது எம் பல்லுடா."

"யாரப் பத்திப் பேசறோம்னு தெரிஞ்சு பேசுங்க."

டெய்லர் மேல்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். டப்பாவிலிருந்த பல்லை எடுத்து வெறும் ஈறில் வைத்துப் பிடித்தார். மெஷினில் தொங்கிய நூலை இழுத்து அந்தப் பள்ளத்தில் கொடுத்தார். நூல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

"டாக்டர் இத இவருக்குத்தான குடுத்தனுப்பினாரு" என்று என்னைக் காட்டினார். பிறகு மகனைப் பார்த்து, "பொறந்ததுலேருந்து நீ எனக்குக் குடுத்த முத்தம் இவ்வளவுதான்டா. அதுவும் ஆள் மாறி."

முதலில் சிரித்தது சாமியார்தான். பொத்திப் பார்த்தார், மூக்கு வழியாக வந்தது. பேனாவை மூடினார்.

"ஒரு வருஷம் போகட்டும் தம்பி. பல்லு எது, பரலோகம் எதுன்னு தெரிஞ்சப்புறம் பாக்கலாம்."

அடுத்த ஞாயிறு, நன்மை வாங்கும் வரிசையில் நின்றவனைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள்கூடப் பல்லைக் காட்டின.

பட்டறைக்கு வந்தான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அந்த மூணு மாசம் எனக்கு ஜெபம் நல்லா வந்துச்சுண்ணே. இப்ப வரல" என்று மட்டும் சொன்னான். அறைந்திருந்தால் தேவலை.

அடுத்த மாதம் டெய்லரின் செட் ஈறில் உரசுகிறது என்று திரும்பி வந்தது. "குடுங்கண்ணே, நான் பாக்கறேன்" என்றான். அப்பனும் மகனும் சேர்ந்துவிட்டார்கள் என்று டீக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். வெகுநேரம் அரைத்தான். முடித்ததை வாங்கி உள்பக்கம் விரலை ஓட்டினேன். முன் ஈறு படுகிற இடத்தில் புதிதாக ஒரு விளிம்பு, நகம் மாட்டுகிற அளவுக்கு.

"டேய், உள்ள கூரா இருக்கே. நோகுமே."

அவன் என் கையிலிருந்து வாங்கி, செட் அனுப்புகிற டப்பாவில் போட்டு மூடினான்.

"நோகட்டும்ணே. வேதசாட்சின்னா சும்மாவா."

டெய்லர் அந்தச் செட்டைக் கழற்றுவதே இல்லை. துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "எம் பையன் சரி பண்ணிக் குடுத்தது" என்று திறந்து காட்டுகிறார். காட்டிவிட்டு, கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொள்கிறார். கைக்குட்டை சிவப்பாகிறது.