மிக்சர் இழுக்க ஒரு ஃபாரின் வண்டி

இரண்டு மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் இருந்தேன். பதற வேண்டாம், எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத் தின்று நன்றாகத் தூங்குகிறேன். படுத்திருப்பவன் சிவா.

சிவா யார்? முருகேசன் மேஸ்திரியின் தம்பி. இருபத்தாறு வயது. கொத்தனார். அண்ணன் தம்பி இருவருக்கும் சொந்த ஊர் ஹனூர் பக்கம், பிழைப்பு மைசூரில். என் வீட்டு மாடிக்கு மோல்டு போட்டது இவர்கள்தான். கூரைக்குக் காங்கிரீட் கொட்டுவதை இங்கே அப்படித்தான் சொல்வோம். சாரத்தில் சிவா கையால் பிடிக்காமல் ஏறுவான். கீழே நிற்கிற நான்தான் 'பாத்துடா, பாத்துடா' என்று கத்துவேன்.

இனிமேல் ஏற மாட்டான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இதில் உனக்கென்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

நாலு மாதம் முன்பு முருகேசன் மனைவியோடும் தம்பியோடும் என் வீட்டுக்கு வந்தார். கார் வாங்கப் போகிறாராம். என்ன கார் வாங்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார். என்னிடம்! கார் பற்றி இந்தப் பத்தியில் நான் எவ்வளவு அளந்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அத்தனையும் யூடியூப்பில் பார்த்தது. அது மேஸ்திரிக்குத் தெரியாது.

"ஒரே வண்டிங்க சார். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட போகோணும். மத்த நாள்ல மிக்சர் இழுக்கோணும். ஒவ்வொரு தடவையும் டிராக்டருக்கு அலைய முடியறதில்லைங்க."

மிக்சர் என்றால் காங்கிரீட் கலக்கும் மெஷின். இரண்டு சக்கரம், முன்னால் இழுப்பதற்கு ஒரு கம்பி. பிரேக் கிடையாது. லைட்டும் கிடையாது. அதனால் மெஷினுக்குப் பின்னால் எப்போதும் ஒருவன் பைக்கில் வருவான். வண்டி திரும்பினால் அவன்தான் கை காட்டுவான். மேட்டில் நின்றுவிட்டால் இறங்கி ஓடி, மெஷின் சக்கரத்துக்குப் பின்னால் மரக்கட்டை வைப்பான். வண்டி நகர்ந்ததும் குனிந்து கட்டையை எடுத்துக்கொள்வான். மெஷின் வைத்திருக்கிற மேஸ்திரிகள் எல்லோரிடமும் இதுதான் வழக்கம். முருகேசனிடம் அந்த வேலை சிவாவுக்கு.

முருகேசன் ஏற்கனவே ஒரு ஜீப்பைப் பார்த்து வைத்திருந்தார். நம் நாட்டுத் தயாரிப்பு. முரட்டு வண்டி, எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவான். அவர் மனைவி ஜோதிக்கு அது பிடிக்கவில்லை. "பின்னாடி சைடு சீட்டுங்க. ஹனூர் போய்ச் சேர்றதுக்குள்ள பெரியவ மூணு வாட்டி வாந்தி எடுப்பா. பிள்ளைங்க உக்கார்ற மாதிரி ஒரு வண்டி வேணாமா சார்?"

நியாயமான கேள்விதானே? இரண்டு பெண் குழந்தைகளையும் பைக்கில் சொருகிக்கொண்டு எத்தனை வருடம்தான் போவார்கள்?

நான் அங்கேயே வாயை மூடியிருக்கலாம். மூடினேனா? என் நாக்கில் சனி! "எதுக்கு மேஸ்திரி இந்தத் தகர டப்பா? அதே விலைக்கு செகண்ட் ஹேண்ட்ல ஃபாரின் வண்டியே கிடைக்குமே. ஜப்பான்லேருந்து முழுசா கப்பல்ல வந்திறங்கினது. இன்ஜின் யானை மாதிரி இழுக்கும்" என்றேன்.

"பார்ட்ஸ் கெடைக்குங்களா சார்?"

"ரிப்பேர் ஆனாத்தானே பார்ட்ஸ்?"

ஜோதி சிரித்துவிட்டார். முருகேசனும் சிரித்தார். வியாபாரம் முடிந்தது. சிவா மட்டும், "அண்ணா, ஜீப்புன்னா நம்ம கைக்கு அடங்கும்" என்றான். அவனை நான் ஒரு பார்வை பார்த்தேன். என்ன பார்வை என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வண்டி வந்தது. வெள்ளை நிறம், உள்ளே மெத்து மெத்தென்று சீட். பெரியவள் வாந்தி எடுக்கவே இல்லை. ஜோதி எனக்கு போன் போட்டு நன்றி சொன்னார். நான் உச்சி குளிர்ந்து போனேன்.

அடுத்து மிக்சரை மாட்ட ஒரு கொக்கி வேண்டுமே? மண்டி மொஹல்லாவில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு முருகேசனோடு நானும் போனேன். சந்தில் வண்டியை நுழைப்பதற்குள் நாலு ஆட்டோக்காரர்களிடம் திட்டு வாங்கினோம். பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பேடா சார். ஜீப்புக்குன்னா கீழ சேசிஸ் இருக்கு, போல்ட் போட்டுக் குடுப்பேன். இதுல அந்த மாதிரி இல்ல, எல்லாம் தகடு. வெல்டிங் நிக்கும் சார். தகடு நிக்கல்லா."

முருகேசன் என் முகத்தைப் பார்த்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது ஃபாரின் ஸ்டீல்ங்க. நம்மூர்த் தகடு மாதிரியா? தைரியமா அடிங்க."

முப்பது வருடமாகத் தீப்பொறிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு நான் இரும்பைப் பற்றிப் பாடம் எடுத்தேன். அவர் பெருமூச்சு விட்டார். "நீவு ஹேள்தீரா, நான் பண்றேன். ஸ்வல்ப தூரம்தான் இழுக்கணும், மேட்டுக்குப் போகக் கூடாது" என்றார். நீங்கள் சொல்கிறீர்கள், செய்கிறேன். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். நாங்கள் 'செய்கிறேன்' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டோம்.

மூன்று வாரம் முன்பு ஹனூரில் முருகேசனின் மாமனார் வீட்டுக்கு மோல்டு. குடும்பமே போகிறது, மெஷினும் போக வேண்டும். ஒரே டீசலில் இரண்டு வேலை என்றார் முருகேசன். என்னையும் கூப்பிட்டார். முன் சீட்டில் நான், பின்னால் ஜோதியும் பிள்ளைகளும், அதற்கும் பின்னால் மிக்சர், அதற்கும் பின்னால் பைக்கில் சிவா.

கொள்ளேகால் தாண்டி ஒரு மேடு. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் முக்கி முனகி நின்றுவிட்டது. நாங்களும் நின்றோம். சிவா இறங்கி ஓடிவந்து கட்டை வைத்தான். கண்ணாடியில் பார்த்தேன், பெரிய பெண்ணுக்கு டாட்டா காட்டினான்.

டிராக்டர் நகர்ந்தது. முருகேசன் ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி முக்கிக்கொண்டு இரண்டடி ஏறியது. பிறகு ஒரு 'டக்'. சட்டென்று லேசாகி, ஜிவ்வென்று பாய்ந்தது.

"பாத்தீங்களா மேஸ்திரி, பவர்!" என்றேன்.

இதைச் சொன்னது நான்தான். மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தகடு கிழிந்து கொக்கியோடு மெஷின் கழன்றதால் வந்த பவர் அது. கட்டையை எடுக்கக் குனிந்திருந்தவன் மேல் அது திரும்பி உருண்டபோது நான் டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜோதி போட்ட கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. கரும்பு டிராக்டர்காரர்களும் நாங்களுமாக மெஷினைத் தூக்கினோம். சிவா கத்தவில்லை. "அண்ணா, காலு எங்கிருக்குது பாரு" என்று மட்டும் கேட்டான். இருந்தது. ஆனால் காப்பாற்ற முடியவில்லை.

அதன்பிறகு ஆஸ்பத்திரியில் எத்தனையோ மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். ஜீப்பா, ஜப்பானா என்று என் வீட்டில் எத்தனை நாள் பேசினோம்! சீட் பேசினோம், மைலேஜ் பேசினோம், ஏசி பேசினோம். வண்டிக்குள் உட்காருகிறவர்களைப் பற்றி அவ்வளவு பேச்சு. இழுக்கிற பாரத்துக்குப் பின்னால் ஒரு மனுஷன் குனிந்து எழுவானே, அவனைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை? எல்லோரும் நல்லவர்கள்தான். அவன்மேல் உயிரை வைத்திருப்பவர்கள்தான். ஆனால் கார் வாங்கும்போது அவன் யார் ஞாபகத்திலும் வரவில்லை. என்னைக் கேட்டால், ஒன்றும் தெரியாத நிபுணர்கள் எல்லோர் வாயிலும் ஒரு பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். முதல் பிளாஸ்திரி எனக்கு.

முருகேசன் என்னைத் திட்டவில்லை. ஜோதியும் திட்டவில்லை. பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுக்கிறார். திட்டித் தொலைத்தால் பரவாயில்லை என்றிருக்கிறது. 

நேற்று முருகேசன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "வண்டியக் குடுத்தர்லாம்னு இருக்கோமுங்க. பிள்ளைங்க ஏறவே மாட்டேங்குது. ஆன்லைன்ல போடறதுக்கு நாலு வரி நீங்க எழுதிக் குடுங்க சார். உங்களுக்குத்தான் எழுத வரும்."

அங்கேயே போனை எடுத்து எழுதினேன். வெள்ளை நிறம், டீசல், குடும்பம் பயன்படுத்தியது. அதற்குமேல் வரவில்லை.

தூங்குகிறான் என்று நினைத்திருந்த சிவா கண்ணைத் திறந்தான்.

"ஆக்சிடென்ட் ஆகாத வண்டின்னு போடுங்க சார். பார்ட்டி முதல்ல அதத்தான் கேப்பாங்க."

நான் அவனைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. கோபமும் இல்லை. அண்ணனுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டுமே என்ற கவலை மட்டும்தான்.

"நெசந்தானுங்களே சார்? அடித் தகடு கிழிஞ்சது போக வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே."

இந்தப் பத்தியை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியை இன்னும் எழுதவில்லை.