தறிக்குழியிலிருந்து பார்த்தால்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். என்னிடம் ஓவியம் படித்த பெண்களைக் கேட்டால் இதைவிடக் காட்டமாகச் சொல்வார்கள். ஆனால் மெட்ராஸில் அன்று எனக்கு வந்த கோபம் தனி ரகம். வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கும் ஒரு கண்காட்சிக்கு இரண்டு படங்கள் அனுப்பியிருந்தேன். இரண்டும் தேறவில்லை. எடுத்துப் போகப் போயிருந்தேன். தேர்வுக்குழுவில் இருந்த ஒரு பெரியவர், மரியாதையான மனிதர்தான், என் படங்களை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "நிறமெல்லாம் நல்லா இருக்கும்மா. ஆனா உங்க ஆளுங்க யாருமே எழுந்து நிக்க மாட்டேங்கறாங்களே, ஏன்?" என்றார்.

ஆரணி வந்து சேரும்வரை பஸ்ஸில் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து, சில வருஷங்களாக வரைந்த படங்களை எல்லாம் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்த பிறகு திட்டு நின்றுபோயிற்று. அவர் சொன்னது சரி. தார்க்குச்சியில் நூல் சுற்றும் பெண், ஜன்னலில் சாய்ந்த பெண், பூக்கூடைக்குப் பின்னால் ஒரு கிழவர், தறியில் என் அண்ணன். எல்லாரும் எதற்காவது பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருந்தார்கள். நிற்க வைத்திருந்த ஒன்றிரண்டு பேரும் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தொங்கினார்கள்.

காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை. இத்தனைக்கும் அது என் காலடியிலேயே இருந்தது.

எங்கள் வீடு பட்டுத் தறி வீடு. ஆரணியில் பாதித் தெருக்கள் அப்படித்தான். தறிக்கு முன்னால் தரையில் ஒரு குழி இருக்கும். நெய்கிறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். கைதான் எல்லார் கண்ணுக்கும் தெரியும். கால் பாட்டுக்கு இருட்டில் வேலை செய்துகொண்டிருக்கும். நான் பிறந்ததிலிருந்து பார்த்த மனிதர்கள் எல்லாரும் இடுப்போடு முடிந்தவர்கள். அப்பாவுக்கு எப்படிப்பட்ட பாதங்கள் என்று இன்று கேட்டால்கூட எனக்குச் சொல்லத் தெரியாது.

அப்பா காலமான பிறகு அவருடைய தறியைப் பிரித்துப் பரணில் போட்டார்கள். அவர் நெய்த அறை சும்மா கிடந்தது. எழுபதுகளின் நடுவில் நான் மெட்ராஸில் ஓவியம் படித்து முடித்து, ஊரில் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. காலையில் அதன் வழியாக இறங்கும் வெளிச்சத்துக்கு ஈடாக நான் படித்த கல்லூரியில்கூட ஒரு அறை கிடையாது. நான் செய்த முதல் காரியம், குழியின்மேல் மாம்பலகைகளை அடுக்கி, கோரைப்பாய் விரித்து அதை மூடியதுதான். படம் வரைகிற அறை என்றால் படம் வரைகிற அறை மாதிரி இருக்க வேண்டாமா? தறி வீட்டில் பிறந்தவளுக்குத்தான் இந்த வீம்பு வரும். மூடிய குழிக்கு முன்னால் ஸ்டாண்டை நிறுத்தி, எதிரே நான் ஜம்மென்று நின்று வரைந்தேன்.

தினமும் ஒரே ஒழுங்கு. விடியும்போது எழுந்து, முந்தின நாள் துணியில் வைத்த நிறத்தை விரலால் தொட்டுப் பார்ப்பேன். காடாத்துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, வச்சிரப் பசை காய்ச்சித் தடவி, காயவைத்து, மேலே வெள்ளை பூசுவது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற நாட்களில் பள்ளிக்குக் கிளம்பும்வரை வரைவேன். என்ன வந்தாலும் வராவிட்டாலும் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் அறையை விட்டு வெளியே வருவேன். அண்ணன் அடுத்த அறையில் நெய்வார். டர்பன்டைன் வாசனை பட்டில் ஏறுகிறது என்று அவருக்கு நெய்யப் பாவு நூல் கொடுக்கும் முதலாளி ஒருமுறை புடவையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாராம். அதிலிருந்து அண்ணன் என் அறைக் கதவைத் தாண்டும்போதெல்லாம் சத்தமாக மூக்கை உறிஞ்சுவார்.

எண்பதுகள் பிறந்தபோது அண்ணி நெசவு கற்றுக்கொண்டு முடித்திருந்தார். நல்ல கை. முதலாளியே, "இன்னொரு பாவு தர்றேன், தறி இருக்குதா?" என்று கேட்டுவிட்டார். தேறாத படங்களோடு மெட்ராஸிலிருந்து நான் திரும்பி வந்த அதே வாரம் அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அப்பா தறியை எறக்கலாம்னு இருக்கறோம். ஆடியில வேணாம். ஆவணி பொறந்ததும் இந்த ரூம்ல போட்டுடலாம். அதுவரைக்கும் நீ வரைஞ்சிக்கோ."

"அப்புறம் நான் எங்க வரையறது?"

"இன்னா பாப்பா, நீ வரையற ஆளுங்கல்லாம் உக்காந்துகினுதானே கீறாங்க? எங்கனா ஒரு மூலையில உக்காந்து வரை."

வேண்டுமென்றே சொன்னாரோ, விளையாட்டாகச் சொன்னாரோ தெரியாது. நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வேறு இடம் கிடையாது. கூடத்தில் அண்ணனின் கட்டில், சமையலறையில் புகை, பள்ளியில் அலமாரி வைக்கவே இடமில்லை. அந்த அறை போனால் என் ஓவியம் பள்ளிக்கூடக் கரும்பலகையில் மாம்பழம் போடுவதோடு முடிந்துவிடும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அண்ணியின்மேல் கோபப்படவும் முடியவில்லை. தன் கையால் ஒரு புடவை நெய்து இறக்க வேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எனக்குத் தெரியும்.

கோடை விடுமுறையில் ஒருநாள் காலை. எப்படியாவது ஒரு ஆளை நிற்க வைத்துவிட வேண்டும் என்று முட்டிமோதிக்கொண்டிருந்தேன். இரண்டடி பின்னால் வந்து, குழியை மூடிய பலகைமேல் நின்று படத்தைப் பார்த்தேன். பலகையைக் கரையான் உள்ளுக்குள் தின்று முடித்திருந்தது போலிருக்கிறது. பாயோடு, பலகையோடு, கையில் தூரிகையோடு குழிக்குள் போய் உட்கார்ந்தேன். பலமான அடி ஒன்றும் இல்லை. மானம்தான் போயிற்று.

சத்தம் கேட்டு அண்ணி ஓடி வந்தார். குழியின் விளிம்பில் நின்று இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா தறி நெய்ய எறங்கிட்டாங்களா?"

என் மூக்குக்கு நேரே அவருடைய பாதங்கள் இருந்தன. மஞ்சள் ஏறிய, குதிகால் வெடித்த, மெட்டி அழுந்திய அகலமான பாதங்கள். உடம்பின் பாரம் முழுக்க இடது காலில் இருந்தது. வலது கால் அடுப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அங்கிருந்து புடவை மேலே போய்க்கொண்டே இருந்தது. முழங்கால், இடுப்பு, தோள், எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடி ஓட்டுக்குப் பக்கத்தில், சிரிக்கும் முகம். என் தோளுக்குக்கூட எட்டாத அண்ணி கூரையைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணி, நகராதீங்க. அப்படியே நில்லுங்க."

"அடுப்புல சோறு பொங்கிகினு கீது பாப்பா."

"பொங்கட்டும்."

அன்றைக்குக் குழைந்த சோறுதான் எல்லாருக்கும்.

மறுநாளே மிச்சப் பலகைகளையும் தூக்கி வெளியே போட்டேன். ஸ்டாண்டையும் ஓரம் கட்டினேன். குழியைப் பெருக்கி, அடியில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தேன். என் உயரத்தைவிடப் பெரிய சட்டம் ஒன்றை எதிர் விளிம்பில் தரையோடு நிறுத்திவைத்தேன். இதுவரை நான் எந்தப் படத்தையும் முகத்தில்தான் தொடங்கியிருந்தேன். முகம் அழகாக வந்துவிடும், அப்புறம் கீழே இறங்க இறங்கத் தைரியம் போய்விடும். இந்தத் தடவை பாதத்தில் தொடங்கினேன். அடிப்பகுதியைக் குழியில் உட்கார்ந்தே வரைந்தேன். மேல்பகுதிக்கு ஏறி வந்து நிறத்தை வைத்துவிட்டு, மறுபடி குழியில் குதித்து அண்ணாந்து பார்ப்பேன். தப்பாக இருந்தால் ஏறித் துடைப்பேன். ஒரு காலையில் எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று கணக்கே கிடையாது. தொடை இரண்டும் அடித்துப் போட்ட மாதிரி நொந்து போயின. முதல் வாரம் வரைந்த பாதங்களை முழுக்கச் சுரண்டி எடுத்தேன். அவை தரையில் பட்டன, ஆனால் தரையை அழுத்தவில்லை. வெடிப்புகளுக்குள் நீலம் வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் பாரம் இறங்கியது.

அண்ணிக்கு நிற்பதே பேஜார். "நிக்கறதுக்கு ஒருத்தி, பாக்கறதுக்கு ஒருத்தி. சோறு யாரு ஆக்கறது?" என்பார். ஆனாலும் தினமும் வந்து நின்றார். ஒருநாள் நின்றபடியே, "இந்தப் படம் முடிஞ்சா என் தறி வந்துடும், இல்ல?" என்று கேட்டார். நான் குழிக்குள்ளிருந்து, "வந்துடும் அண்ணி" என்றேன். அவருக்கு வர வேண்டிய தறிக்காக நான் காலி செய்யப்போகும் அறையில், எனக்காக அவர் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தார். அதை நினைத்தால் தூரிகை ஓடவில்லை. நினைக்காமல் வரைந்தேன்.

ஆடி நடுவில் படம் முடிந்தது. முடிந்த அன்று யாரையும் கூப்பிடவில்லை. குழியில் உட்கார்ந்து நான் மட்டும் பார்த்தேன். அந்தப் பெண்ணை இனி யாரும் உட்கார வைக்க முடியாது. வாய்விட்டுச் சிரித்தேன்.

நல்லவேளை, நிறத்தை மெல்லிசாக வைத்திருந்ததால் அதற்குள் ஓரளவு காய்ந்திருந்தது. கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும், ஆனால் அவ்வளவு பெரிய சட்டம் கதவில் நுழையாது. அப்போது அண்ணன் தானாக வந்தார். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, நெய்த புடவையைச் சுற்றும் படமரத்தில் சுற்றலாம் என்றார். வண்ணம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும் என்று நானும், புடவையை யாராவது முகம் வெளியே தெரியச் சுற்றுவார்களா என்று அவரும் சண்டை போட்டோம். கடைசியில் நான் ஜெயித்தேன். நடுவில் பழைய வேட்டியைக் கொடுத்து, ஒரு சுருக்கம் விழாமல் அவர் சுற்றிய அழகைச் சொல்லத்தான் வேண்டும். அவரே தோளில் தூக்கி வந்து பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டினார்.

"மேல இன்னாங்க, பாவா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"இல்லீங்க. எங்க வீட்டம்மா" என்றார் அண்ணன்.

படத்தை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டது மட்டுமில்லை, வாசலுக்கு நேர் எதிரே, பெரிய சுவரில் தனியாக, கொஞ்சம் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். ஆடிக் கடைசியில் அண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் முதலில் அந்தப் பாதங்களைப் பார்த்து, அப்புறம் மெல்ல மெல்லத் தலையை உயர்த்தினார்கள். மெத்தப் படித்தவர்களும் பணக்காரர்களும் அண்ணியை அண்ணாந்து பார்த்தார்கள். போன தடவை என்னைக் கேள்வி கேட்ட பெரியவர் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தார்.

"இந்த அம்மாவ இத்தனை நாளா எங்கம்மா வச்சிருந்தீங்க?"

"வீட்லதாங்க இருந்தாங்க. நான்தான் கீழ உக்காந்து பாக்காம நின்னுகினே பாத்துட்டேன்" என்றேன். இவ்வளவு பணிவாக நான் பேசி அண்ணன் பார்த்ததில்லை.

அண்ணி படத்துக்குக் கீழே போய் நின்றார். படத்தில் இருப்பவர் அவர்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் தலை படத்துப் பெண்ணின் முழங்காலுக்குத்தான் எட்டியது. வெகு நேரம் பார்த்தார். அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ் ஆற்காட்டைத் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார். அதுவும் என்னிடம் இல்லை, அண்ணனிடம்.

"இன்னாங்க, தறியைக் கூடத்துல போட்டுக்கலாம்."

"கூடத்துல எடம் ஏது? என் கட்டில் கீதே."

"கட்டிலை வெளிய எடுத்துப் போடுங்க. அந்த ரூம் பாப்பாவுது."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்தத் தடவை அழுதது வேறு அழுகை.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கூடத்தில் புதுக் குழி வெட்ட நாள் குறித்தார்கள். தரையில் சுண்ணாம்பால் சதுரம் போட்டு, கற்பூரம் ஏற்றியாயிற்று. அண்ணன் கடப்பாரையை எடுக்கக் குனிந்தார். அண்ணி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். புடவையைத் தூக்கிச் செருகி, கால்களை அகட்டி ஊன்றி, கடப்பாரையைத் தலைக்கு மேலே ஓங்கினார். நான் அறைக்கு ஓடிக் கரித்துண்டையும் காகிதத்தையும் அள்ளிக்கொண்டு வந்து, அவர் காலடியில் தரையோடு தரையாக உட்கார்ந்தேன். முதல் குத்து விழுந்து மண் தெறித்தது.

மறுபடி கடப்பாரையை ஓங்கிய அண்ணி என்னைக் கவனித்துவிட்டார். நிற்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. ஓங்கிய கையை இறக்காமல் அப்படியே நின்றார்.