மிதப்புக் கட்டையில் போட்ட ஓட்டு

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் இன்றைக்கும் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நிற்பேன். அப்படிப்பட்டவள் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அரசியல் எனக்குத் தெரியாது. எங்கள் குப்பத்தில் ஒரு பிற்பகலில் நடந்ததைப் பார்த்த அளவில் சொல்கிறேன். அன்று கூடியிருந்தவர்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்கள் அதைப் பேசுவதில்லை.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடலோரம் எங்கள் குப்பம். அது அவசரநிலைக் காலம். தேர்தல் வரப்போகிறது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பயம் போகவில்லை. முந்தைய வருஷம் டீக்கடையில் உரக்கப் பேசிய ஒருவரைப் போலீஸ் ஜீப் ஏற்றிக்கொண்டு போய், பல மாதம் கழித்துத்தான் விட்டது. திரும்பி வந்தவர் யாரோடும் பேசவில்லை. கரையில் உட்கார்ந்து கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருப்பார்.

அவரைக் காட்டிக்கொடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டோம். கட்சியின் கிளைச் செயலாளர்தான். மீன் ஏற்றும் லாரியும் ஐஸ் பெட்டிகளும் அவருடையவை. லாரி நிற்காவிட்டால் பிடித்த மீன் மணலில் கிடந்து நாறும்.

எங்கள் தொகுதியில் யாரை நிறுத்துவது என்று முடிவு செய்ய அந்தக் கட்சி செங்கல்பட்டில் கூட்டம் வைத்திருந்தது. கிளைக்கு ஒருவர் போய், தங்கள் ஊர் யாரைக் கேட்கிறது என்று சொல்லவேண்டும். எப்போதும் செயலாளரே போவார். பழைய எம்.பி.யின் பெயரைச் சொல்லிவிட்டு வருவார். இந்தத் தடவை அதே கட்சியைச் சேர்ந்த செங்கல்பட்டு வக்கீல் ஒருவர் தானும் நிற்க விரும்பினார். டீக்கடையில் பேசி மாட்டிக்கொண்டாரே, அவருக்காகக் கோர்ட்டில் மனுப் போட்டு, அதனாலேயே தானும் ஜெயிலுக்குப் போய்வந்தவர். ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்தார். “பேசினதுக்காக ஒருத்தரைப் பிடிச்சிட்டுப் போகக்கூடாது. இதை டெல்லியில சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்” என்றார். வேறு எதுவும் தருவதாகச் சொல்லவில்லை.

என் அண்ணன் அதுவரை கட்சிக் கூட்டங்களுக்குப் பாய் விரிப்பதோடு சரி. அன்று வக்கீலை பஸ் ஏற்றிவிட்டு வந்து, “இந்த தபா செங்கல்பட்டுக்கு நான் போறேன். இவரு பேர சொல்றேன்” என்றார்.

“லாரி நிக்காட்டி இன்னா பண்ணுவ? வக்கீலு வந்து மீன் வாங்குவாரா?” என்றாள் அண்ணி.

“வாங்க மாட்டாரு. ஆனா நான் வாய தொறந்தா ஜீப்பு வராது.”

அண்ணனுக்கு ஆதரவு சத்தமில்லாமல் சேர்ந்தது. கட்டுமரத்தைக் கரைக்கு இழுக்கும்போது ஆண்கள் பேசிக்கொண்டார்கள். பெண்கள் ஒருத்தி தலைக்கு ஒருத்தி மீன் கூடையை ஏற்றிவிடும்போது முகம் பக்கத்தில் வரும். அப்போது காதோடு சொல்லிவிடுவோம். ஆனால் கை தூக்கச் சொன்னால் ஒரு கையும் எழாது என்று அண்ணனுக்குத் தெரியும். அதனால் ஒரு யோசனை செய்தார். வலை மேலே நிற்பதற்காக அதன் விளிம்பில் கட்டுவோமே, மிதப்புக் கட்டை, அது இல்லாத வீடு குப்பத்தில் இல்லை. கோயில் எதிரே பாயைத் திரையாகக் கட்டி, பின்னால் இரண்டு பானை வைப்பது. கடல் பக்கத்துப் பானை அண்ணனுக்கு, ஊர்ப் பக்கத்துப் பானை செயலாளருக்கு. துண்டுக்குள் கட்டையை மறைத்துக்கொண்டு போய் எதில் வேண்டுமானாலும் போடலாம்.

ஊர்க்கூட்டத்தில் அண்ணன் இதைச் சொன்னபோது செயலாளர் கன்னத்தைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.

“நல்ல ரோசனதான்பா. ஆனா அவனவன் வூட்டு கட்டையே கொண்டாரணும். வூட்டுக்கு ஒண்ணு. பொதுக் கட்டைன்னா எவனாவது ரெண்டா போட்டுட்டு போவான்.”

அண்ணன் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். “ஒத்துக்கினான். ஒரு வார்த்த எதுத்துப் பேசல.”

“அதான் எனக்கு பயமா கீது” என்றாள் அண்ணி.

ஓட்டுப் போட்ட அன்று கடலில் காற்றே இல்லை. கட்டிய பாய் அசையாமல் தொங்கியது. பெண்களுக்கு ஓட்டு கிடையாது. கோயில் சுவரோரம் நின்று பார்த்தோம். ஆண்கள் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போனார்கள்.

“உள்ள போனவன் இன்னாடா பண்றான், குடும்பமா நடத்துறான்?”

“வுடு மச்சான், புதுப் பொண்ணு கணக்கா வெக்கப்படுறான்.”

சிரிப்பு எழுந்தது. அந்த வருஷம் ஆண்கள் அப்படிச் சேர்ந்து சிரித்து நான் கேட்டதில்லை. என் வீட்டுக்காரரும் போய்வந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

எல்லோரும் போட்டு முடித்ததும் பானைகளை வெளியே எடுத்தார்கள். எண்ணவே வேண்டாம், அண்ணன் பானை வாய்வரை நிறைந்திருந்தது. யாரோ விசில் அடித்தார்கள்.

செயலாளர் கோபப்படவில்லை. அந்தப் பானையை மணலில் கவிழ்த்தார். குந்தி உட்கார்ந்து ஒரு கட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இது தெக்கால வூட்டுது.”

அடுத்ததை எடுத்தார். “இது நம்ம மச்சானுது. இன்னா மச்சான், ஒன் கட்டைய எனக்குத் தெரியாதா?”

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கடலில் வலைகள் ஒன்றோடொன்று சிக்கினால் பிரித்தெடுக்க, ஒவ்வொரு வீட்டுக் கட்டையிலும் அந்த வீட்டுக் குறியைச் சுட்டு வைத்திருப்போம். சிலருக்கு இரண்டு கோடு, சிலருக்குப் பிறை, எங்களுக்கு மீன்வால். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் அது எங்கள் கண்ணில் படுவதே இல்லை. குறி இல்லாத கட்டையை நாங்கள் கண்டதில்லை. அண்ணனும் கண்டதில்லை.

செயலாளர் கட்டைகளை மணலில் வரிசையாக அடுக்கினார், குப்பத்தில் வீடுகள் இருக்கும் அதே வரிசையில். கடைசிக் கட்டையை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“ஊரு சொல்லிட்ச்சி. நாளிக்கு நீயே போ, நைனா” என்று அண்ணனின் தோளைத் தட்டினார். பிறகு எங்களைப் பார்த்து, “கட்டைங்கள நான் எடுத்துக்கினு போறேன். வூடு வூடா வந்து நானே குடுக்கறேன்” என்றார்.

அப்படியே செய்தார். பொழுது சாய்வதற்குள் ஒரு வீடு விடாமல் வந்தார். எங்கள் வாசலில் நின்று கட்டையை என்னிடம் நீட்டினார்.

“ஒங்க வூட்டுதுதானேம்மா?”

நான் வாங்கிக்கொண்டேன். என் வயிற்றைப் பார்த்தார்.

“மாசம் எத்தினி? செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத்தான போவணும்? ராத்திரில வலி வந்தா பஸ்ஸு கெடைக்காது. நம்ம லாரி கீது, சொல்லி அனுப்பு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் போன பிறகும் கட்டை என் கையிலேயே இருந்தது. என் வீட்டுக்காரர் அதை வாங்கவில்லை.

விளக்கு வைத்ததும் ஆண்கள் அண்ணன் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். நானும் போய் அண்ணியோடு நின்றேன். முதலில் யாரும் விஷயத்துக்கு வரவில்லை, காற்றைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மத்தியானம் விசில் அடித்தவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“அண்ணாத்த, நீ போவாத.”

“நீங்க போட்டதுதானேடா” என்றார் அண்ணன்.

“போட்டோம். யாருக்கும் தெரியாதுன்னு போட்டோம்.”

“தெரிஞ்சா இன்னா? அத்தினி பேரு போட்டுக்கீறீங்க. அல்லாரையுமா புடிச்சிக்கினு போவான்?”

அண்ணன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியில் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை அண்ணன் கடலுக்குப் போனார். செயலாளர் செங்கல்பட்டுக்குப் போய்ப் பழைய எம்.பி.யின் பெயரைச் சொன்னார். லாரி வழக்கம்போல வந்து நின்று, எல்லோருடைய மீனையும் ஏற்றிக்கொண்டு போனது.