நாலு பேர் எடை

நான் பொய் சொல்லாதவன் இல்லை. என் பொய்களுக்கு வீட்டில் ஒரு பட்டியலே உண்டு. என் மனைவிக்கு அது மனப்பாடம். இப்போது சொல்லப்போவது அந்தப் பட்டியலில் இல்லை. இது நடந்தது. பட்டப்பகலில், மூன்று மணி பத்து நிமிடத்தில், என் வீட்டு ஷெட்டில், எனக்கே நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அதன் கையில் கடிகாரமா கட்டியிருக்கிறது?

நான் அச்சாபீஸில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மனிதன் சும்மா இருக்க வேண்டும். நான் இருக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் கிடந்த அறுபது வருடத்துக் கார் ஒன்றை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உருண்டைக் கண், தொந்தி வயிறு, உடம்பெல்லாம் துரு. கதவைத் திறந்தால் பாதிக் கதவு கையோடு வந்தது.

"என்னங்க, வீட்டுல நாம ரெண்டு பேரும் கிழடானது போதாதா? துணைக்கு இன்னொன்னா?" என்றாள் என் மனைவி.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அடுத்த தெருவில் வீடு. என்னைக் கிண்டல் செய்வதற்கென்றே தினமும் மதியம் சாப்பிட்டுவிட்டு வருவார். காரைச் சுற்றிவந்து ஒரு தட்டுத் தட்டினார். துரு பொலபொலவென்று கொட்டியது.

"மாப்பிள்ளை, இதுல நீ ஊர் சுத்துறதுக்குள்ள உன்னை நாலு பேர் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

முதல் வேலை தரை. பின்பக்கத் தகடு அரித்துப்போய்த் தாம்பாளம் அளவுக்கு ஓட்டை. சீட்டுகளைக் கழற்றி வெளியே போட்டேன். வண்டியை இரும்பு ஸ்டாண்டுகளில் தூக்கி நிறுத்தி, கீழே மல்லாந்து படுத்து, புதுத் தகட்டை வைத்துப் பற்றவைத்தேன். வெல்டிங் முகமூடியை இறக்கிவிட்டால் பகலிலும் கும்மிருட்டுதான். பொறி கிளம்பும்போது ஒரு சாண் இடம் மட்டும் தெரியும்.

சர்ர்ர்...

தகட்டின் விளிம்புக்கு மேலே, வண்டிக்குள், ஐந்து விரல்கள் தெரிந்தன. கால் விரல்கள். ஒரு பொறி தெறித்தது. விரல்கள் சட்டென்று மடங்கிக்கொண்டன.

முகமூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மணி மூன்று பத்து.

"முதல்ல உங்க மூக்குக் கண்ணாடியை மாத்துங்க" என்றாள் மனைவி. மாற்றினேன். மறுவாரம் அதே இடத்தில் அதே விரல்கள். இந்த முறை நகத்து அழுக்கும் தெரிந்தது.

இரண்டாவது தடவை பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பட்டியலில் சேர்த்துவிடுவாள்.

அடுத்தது பின்சக்கரத்துப் பட்டைகள். வண்டியின் எடையைத் தாங்குகிற வளைந்த எஃகுப் பட்டைகள்தான். இரண்டு பக்கமும் புதிது போட்டேன். காலையில் அளந்தால் இரண்டு பக்கமும் ஒரே உயரம். மூன்று பத்துக்கு 'க்ரீச்' என்று ஒரு சத்தம். இடது பக்கம் ஒரு விரல்கடை இறங்கிவிடும். மூன்றே முக்காலுக்கு இன்னொரு 'க்ரீச்', தானாக ஏறிவிடும். இடது பட்டையை வலதுக்கு மாற்றிப் பார்த்தேன். அப்போதும் இடதுதான் இறங்கியது.

"யாரோ ஏறி இறங்குறாங்க மாப்பிள்ளை. டிக்கெட் எடுத்தாங்களான்னு கேளு" என்று சிரித்தார் மச்சான்.

நானும் சிரித்தேன். அதுதான் நான் அந்த ஷெட்டில் கடைசியாகச் சிரித்தது.

வியாழக்கிழமை. பட்டைகளின் போல்ட்டை இறுதியாக முறுக்க வேண்டிய நாள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஸ்டாண்ட் வைக்கக் கூடாது. பட்டையின் காதுக்குள், அதாவது முனை வளையத்துக்குள், ரப்பர் இருக்கும். வண்டி அந்தரத்தில் நிற்கும்போது முறுக்கினால் அது திருகிக்கொள்ளும். வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்க வேண்டும். உள்ளே ஆள் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. வேலை தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நான் வேலை தெரிந்தவன். அதுதான் வினை.

சக்கரங்களுக்கு அடியில் மரக்கட்டைகளை வைத்துவிட்டு உள்ளே நுழைந்தேன். என் மார்புக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே மூன்று விரல்கடை.

"மச்சான், உள்ள ஏறி உக்காருங்களேன். எடை வேணும்."

"சாப்பிட்ட வயிறுடா. தரையைப் பிச்சுக்கிட்டு உன் மேலேயே விழுவேன். இரு, தண்ணி குடிச்சிட்டு வரேன்."

அவர் செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போனது. நான் ஸ்பானரை மாட்டிக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல், வாய்க்கு வந்தபடி சொன்னேன்:

"யாராவது ஏறி உக்காருங்கப்பா. ஒரு நாலு பேர் இருந்தாப் போதும்."

கைக்கடிகாரம் முகத்துக்கு நேரே இருந்தது. மூன்று பத்து.

க்ரீச்...

இடது பக்கம் ஒரு விரல்கடை இறங்கியது. "மச்சானா?" என்றேன். கீழே படுத்திருப்பவனுக்கு ஷெட்டின் தரை நாலு பக்கமும் தெரியும். எங்கும் ஒரு கால்கூட இல்லை.

க்ரீச்...

வலது பக்கம். தகடு என் சட்டைப் பொத்தானைத் தொட்டது. வெளியே நழுவப் பார்த்தேன். தோள் மாட்டிக்கொண்டது.

க்ரீச்...

முன்பக்கம். மார்பில் இரும்பு படிந்தது. ஐஸ் கட்டி போலக் குளிர்ந்தது. கத்த வாயைத் திறந்தேன். காற்று வெளியே போனது. உள்ளே வரவில்லை.

நாலாவது ஆள் கொஞ்சம் தயங்கியது போலிருந்தது.

பிறகு...

க்ரீச்.

விலா எலும்பு முனகியது. ஸ்பானர் கையிலேயே இருந்தது. விரலை அசைக்க முடியவில்லை.

தலைக்கு மேலே துணி உரசும் சத்தம். நகர்ந்து இடம் விட்டு வசதியாக உட்காருகிறார்கள். என் நெஞ்சுக்கு நேர் மேலே ஒரு குதிகால் தகட்டைத் தட்டியது. கிளம்பலாம் என்பது போல.

டொக்... டொக்...

மூன்று பதினாலு. மச்சானின் செருப்பு தெரிந்தது.

"மாப்பிள்ளை? டேய்... டேய்!"

ஜாக்கியை உருட்டி வந்தார். அடித்தார். வண்டி ஒரு நூல் ஏறியது. உடனே இறங்கியது. மறுபடி அடித்தார். மறுபடி இறங்கியது.

"வண்டி காலியா இருக்குடா! உள்ள ஒண்ணுமே இல்லடா!"

அவர் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன்.

மூன்று பதினேழு. மனைவியின் வெறுங்கால்கள் ஓடிவந்தன. தரையோடு தரையாகப் படுத்துக் கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் அவளாலும் எதுவும் ஆகவில்லை. அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

"அண்ணா... ஏதாவது பண்ணுண்ணா..."

ஜாக்கிச் சத்தம் நின்றது.



பிறகு வண்டியின் கூரையில் உள்ளங்கை அறைந்தது. டப். டப். முப்பத்தோரு வருடம் கூட்டத்தை அதட்டிய குரல்:

"கடைசி ஸ்டாப்! வண்டி போகாது! எல்லாரும் இறங்கு!"



க்ரீச்...

இரும்பு மார்பை விட்டு ஒரு நூல் விலகியது.

க்ரீச்... க்ரீச்...

மூச்சு வந்தது. நாலாவது சத்தத்தையும் கேட்டேன். அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை.

மூன்று இருபத்தொன்றுக்கு என்னை இழுத்து வெளியே போட்டார்களாம். டாக்டர் அழுத்திப் பார்த்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை என்றார். நான் பிழைத்துவிட்டேன் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான் மெதுவாகக் கேட்டார்.

"எத்தனை பேர் ஏறினாங்கன்னு எண்ணினியா?"

"நாலு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நாலுதான் மச்சான். ஏன்?"

"இறங்கினது அஞ்சு" என்றார். அப்புறம் டீ வாங்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வண்டி ஒரு இம்மியும் இறங்கவில்லை. ஆறு வாரத்தில் பெயின்ட் அடித்து, சீட்டெல்லாம் மாட்டி, ஓட்டியும் பார்த்துவிட்டேன். வண்டிக்குப் புதுப் பதிவுக் காகிதங்கள் வாங்கப் போனால், வண்டியின் எடைச் சீட்டு வேண்டும் என்றார்கள்.

லாரிகளை எடை போடும் மேடைக்கு நானும் மச்சானும் போனோம். மச்சான் ஓரமாக இறங்கிக்கொண்டார். நான் வண்டியை மேடைமேல் ஏற்றி ஸ்டியரிங்கிலேயே உட்கார்ந்திருந்தேன். பதினொன்று இருபது. எடைக்காரர் ஜன்னலுக்குள்ளிருந்து சீட்டு அடித்தார். தொள்ளாயிரத்து நாற்பது கிலோ.

"ஐயா, கீழ இறங்கி வாங்க. காலி வண்டி எடைதான் வேணும்."

இறங்கி வந்தேன். பதினொன்று இருபத்திரண்டு. தொள்ளாயிரத்து நாற்பது.

எடைக்காரர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மெஷின் மக்கர் பண்ணுது போல. அண்ணே, நீங்க கொஞ்சம் ஏறுங்க" என்று மச்சானை ஏறச் சொன்னார்.

ஆயிரத்து இருபது.

மச்சான் இறங்கினார். தொள்ளாயிரத்து நாற்பது.

"இப்ப ஐயா ஏறுங்க."

ஏறி உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன்.

ஜன்னலுக்கு மேலே எடை காட்டும் சிவப்பு எண்கள் அசையவில்லை.

எடைக்காரர் அடித்த சீட்டுகளை வெளியே நீட்டிவிட்டு ஜன்னலை மெல்லச் சாத்திக்கொண்டார்.

வரும் வழியில் மச்சான் என் பக்கத்தில் உட்காரவில்லை. பின்சீட்டின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு கிண்டல் இல்லை.

வாசலில் என் மனைவி நின்றிருந்தாள்.

"எடை எல்லாம் சரியா இருந்துச்சாண்ணா?"

மச்சான் சீட்டுகளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"வண்டி எடை சரியா இருக்கும்மா" என்றார்.