கரண்டு போகிற பாட்டு

வாயில் கவ்விய நூலை எடுக்காமலே மலர்கொடி கைபேசியில் ஒரு பாட்டின் கீழே இருந்த பாடகியின் பெயரை அழித்தாள். அந்த இடத்தில் "மாடி வூட்டு செங்கமலம்" என்று தட்டினாள். சினிமாவில் அந்தப் பாட்டைப் பாடியவர் யாரென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தினம் காலையில் துணி காயப்போடும்போது அதைப் பாடுகிறவள் செங்கமலம்தானே. கேட்டால், "எனக்கு யாரு பாடிகினு இருக்காங்களோ அவுங்க பேரத்தான் போடுவேன்" என்பாள்.

நெய்வேலி நகரியத்தில் கணவரின் குவார்ட்டர்ஸ் முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். பாட்டு இல்லாமல் மெஷின் ஓடாது. கல்யாணத்துக்கு முன்பிருந்து சேர்த்த கேசட்டு, சிடி எல்லாவற்றையும் மந்தாரக்குப்பத்தில் கடை வைத்திருக்கும் ஹபீப் முகமது கம்ப்யூட்டரில் மாற்றிக் கொடுத்தார். அவற்றை ஒரு பாட்டு ஆப்பில் ஏற்றவும் அவரே சொல்லித் தந்தார். மாதச் சந்தாவுக்கு ஊர் உலகத்துப் பாட்டையெல்லாம் கேட்கவிடும் அந்த ஆப், நம்மிடம் இருப்பதைக் கொண்டுபோய் வைக்கவும் தனியாக இடம் தருகிறது. "அவன் வெச்சிருக்கறது வாடக வூட்டுப் பாட்டு. நான் ஏத்தனது சொந்த வூட்டுப் பாட்டு." கல்யாணம் ஆன நாளாய்க் கம்பெனி குவார்ட்டர்ஸிலேயே இருப்பவள் இதைக் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வாள்.

அவளுடைய பாட்டுகளுக்குப் படம் கிடையாது, வருஷம் கிடையாது. ஜாக்கெட் ஓரத்துக்குப் பட்டி வைத்துத் தைக்கும்போது கேட்கிற தொகுப்பின் பெயர் "பைப்பிங்". இன்னொன்று "கொக்கி கட்ட". மூன்றாவது "அளவு ஜாக்கெட் எடுத்தாராதவங்களுக்கு". அதில் முழுக்கப் பறைச் சத்தம். வந்தவர்கள் பேச வாய்ப்பில்லாமல் வீட்டுக்குப் போய் அளவு ஜாக்கெட்டை எடுத்துவந்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் முகப்புப் படம் ஒன்றுதான்: அறுத்து வைத்த பலாப்பழம்.

கணவர் சிவப்பிரகாசம் அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரிகல் ஃபோர்மேன். ஸ்க்ரூ டிரைவர்களை உயர வரிசையில் அடுக்கி வைக்கிறவர். மனைவியின் பாட்டு அவருக்குப் பல்லில் சிக்கிய நார். இருந்தும் பொறுத்துத்தான் போனார், கூட வேலை பார்க்கும் மருதாசலத்தின் மகள் நிச்சயதார்த்தம் வரைக்கும். அன்று மண்டபத்துப் பெரிய டிவியில் மலர்கொடியின் போனை இணைத்தார்கள். பாட்டு தொடங்கியது. திரையில் பலாப்பழம் தெரிந்தது. அதன் கீழே, அதிகாரிகள் உட்பட அனைவரும் படிக்கிற அளவில், "எங்கூட்டுக்காரர் கொறட்டை" என்று பெயர் வந்தது. பாட்டின் ஆரம்ப இசை அப்படித்தான் இருந்தது என்பதை மலர்கொடி எல்லோருக்கும் பொறுமையாக விளக்கினாள். சிவப்பிரகாசம் பாயசம் வாங்காமல் எழுந்துவிட்டார்.

அடுத்த வார லீவில், மலர்கொடி போனை சார்ஜில் போட்டுவிட்டு சேத்தியாத்தோப்பில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தால் "பைப்பிங்" இல்லை, "கொக்கி கட்ட" இல்லை. பாட்டுகளெல்லாம் படத்தின் பெயர், இசையமைப்பாளர், வருஷம் என்று யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றன. அவளுக்கு ஒன்றையும் அடையாளம் தெரியவில்லை.

"ஏங்க, நம்ம கல்யாணப் பாட்டு எங்க?"

"அதுவா? ஒரே பாட்டு ரெண்டு இருந்துச்சு. நீ ஏத்துனது ஒரே இரைச்சல், அத எடுத்துட்டேன். ஆப்லயே சுத்தமா இருக்கு, கேளு."

கேட்டாள். கடைசி வரை கேட்டாள்.

"நடுவுல கரண்டு போவல."

"கரண்டு போனா அது பாட்டா?"

"போனாத்தான் அது என் பாட்டு."

அவர்கள் கல்யாணத்தன்று மலர்கொடியின் தம்பி பேட்டரி டேப்பில் பதிந்தது அது. குழாய் ஸ்பீக்கரில் போய்க்கொண்டிருக்கும் பாட்டு பாதியில் இழுத்து இழுத்து நின்றுபோகும். இருட்டில் பெரியம்மாவின் குரல் கேட்கும்: "ஊருக்கெல்லாம் கரண்டு குடுக்கறாராம் மாப்ள. அவுரு கல்யாணத்துக்குத்தான் கரண்டக் காணோம்." பந்தலே சிரிக்கும். ஜெனரேட்டர் உறுமும். பாட்டு மறுபடி எழுந்து நடக்கும். பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் குரல் மிச்சமிருந்தது அந்தப் பாட்டில் மட்டும்தான்.

"இரைச்சலுக்காக எடுத்தீங்களா, பெரிம்மா பேசனதுக்காகவா?"

சிவப்பிரகாசம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனின் ரெகுலேட்டரைத் திருகினார்.

கேசட்டு பூசணம் பிடித்து எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. ஹபீப் முகமதுவும் தன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, "இல்லம்மா, அழிச்சுட்டேன்" என்றார். மலர்கொடி திட்டவில்லை, அழவில்லை. மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டாள். தைக்கக் கொடுத்தவர்கள் வந்து கேட்டால், "சார்கிட்ட கேளுங்க" என்றாள். அளவு ஜாக்கெட்டும் கையுமாக நின்ற பெண்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி சிவப்பிரகாசத்துக்குக் குரல் கம்மியது. மலர்கொடிக்கோ படுத்தால் பெரியம்மாவின் பேச்சு நினைவுக்கு வந்தது, குரல்தான் வரவில்லை.

அப்படியிருந்தபோதுதான் குழந்தைவேலின் மனைவி ஜாக்கெட் கேட்டு வந்தாள். குழந்தைவேல் குறிஞ்சிப்பாடி மினிபஸ் டிரைவர். அவளைப் பார்த்ததும் மலர்கொடிக்குப் பொறி தட்டியது. முன்பு ஒருமுறை தன் பாட்டையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டு அவனுக்குக் கொடுத்திருந்தாள்.

"நான் போய் வாங்கியாறேன்" என்று சட்டையை மாட்டினார் சிவப்பிரகாசம்.

"நீங்க வாங்கியாந்தா வழியிலயே சுத்தம் பண்ணிடுவீங்க. நானும் வரேன்."

குழந்தைவேல் பஸ்ஸில் செருகியிருந்த பென் டிரைவைப் பிடுங்க மறுத்தான். "பாட்டு நின்னா ஜனம் என்னச் சும்மா வுடாதுங்கம்மா. குறிஞ்சிப்பாடில டிரிப்பு முடிஞ்சதும் எடுத்துக்குங்க. இப்ப ஏறி ஒக்காருங்க."

ஜன்னலோரம் சிவப்பிரகாசம், பக்கத்தில் மலர்கொடி. வடக்குத்து தாண்டியதும் அந்தப் பாட்டு வந்தது. அவர் வெளியே முந்திரித் தோப்பைப் பார்க்க ஆரம்பித்தார். பாட்டு இழுத்தது, நின்றது. கண்டக்டர் சில்லறை எண்ணுவதை நிறுத்தினார். பெரியம்மா வாயைத் திறந்ததும் கீரைக்கூடைக்காரி, பள்ளிக்கூட டீச்சர், காண்ட்ராக்ட் தொழிலாளிகள் என்று பஸ்ஸே அவளோடு சேர்ந்து சொன்னது: "அவுரு கல்யாணத்துக்குத்தான் கரண்டக் காணோம்."

மலர்கொடி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பந்தலோடு சேர்ந்து பஸ்ஸும் சிரித்தபோது அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முன் சீட்டுக் கீரைக்கூடைக்காரி திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "யாரு வூட்டுக் கல்யாணமோம்மா. தெனம் கேக்கறேன். அந்த மாப்ள மூஞ்சிய ஒரு நாளு பாக்கணும்."

மலர்கொடி கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து, ஆள்காட்டி விரலை ஜன்னல் பக்கம் நீட்டினாள்.