மீனுக்கு ஓர் ஆள்

ஜப்பான்காரன் காலத்தில், பாடாங் மேஹா பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோனது. ரப்பரை வாங்க நாதியில்லை. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. என் தம்பி ஆற்றில் மூங்கில் பொறி வைத்துக் கெளுத்தியும் விராலும் பிடித்தான். விற்கலாமென்றால் பாசாருக்குப் போவதற்குள் நாறிவிடும். கருவாடு போட உப்பும் கிடையாது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் கொட்டகை சும்மாதானே கிடக்கிறது?

முதல் தடவை மீன் பழைய செருப்பு மாதிரி நாறியது. என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு தின்றார். போகப் போகக் கை பழகிவிட்டது. தம்பி பிடிப்பான், நான் புகைபோடுவேன், அவர் சைக்கிளில் பாடாங் செராய்க்குக் கொண்டுபோய் விற்பார். மூன்று வயிறும் நிறைந்தது.

ஒருநாள் பகலில் லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதுவரை போன எவரும் திரும்பவில்லை. ஜப்பான் அதிகாரி கொட்டகைக்குள் நுழைந்து ஒரு மீனைப் பிட்டுத் தின்றான். ஒற்றை விரலைக் காட்டி, அரைகுறை மலாயில் "சத்து ஓராங்" என்றான். முகாமுக்குத் தினமும் மீன் கொண்டுவர இருவரில் ஓர் ஆள் இருக்கலாம், மற்றவன் லாரியில் ஏறவேண்டும்.

ஒருபக்கம் புருஷன், ஒருபக்கம் கூடப்பிறந்தவன். லயத்து வரிசை வீடுகளுக்கே வாயாடி நான், அன்று குனிந்து புகைக்கு விறகு தள்ளினேன்.

"மாமா இருக்கட்டும்க்கா. எனக்கு மீன் புடிக்கவே வராதுலா" என்று சிரித்தபடி தம்பி ஏறிவிட்டான். புளுகன்!

அதன்பின் பொறி வைக்க இவர் போனார். பாதி நாள் வெறும் பொறிதான் வரும். கொட்டகையில் புகைக்குள் யாரோ இருமுவதுபோல் கேட்கும். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். பார்த்தால் அவன் இருக்கமாட்டான்.

ஜப்பான்காரன் போனபின் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் வந்தார்கள். தம்பி வரவில்லை. அவனைப் பார்த்ததாகக்கூட ஒருவரும் சொல்லவில்லை.

பாடாங் செராயில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் எங்கள் வீடு தேடி வந்தார். "இன்னோர் ஆள் மட்டும் போடுங்கண்ணே. உப்பு நான் தர்றேன். எவ்வளவு புடிச்சாலும் எடுத்துக்குறேன்."

இவர் பொறியின் கட்டை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "ஆள் இருக்கான் பாய். வரட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனவன் என் தம்பி. நானே அழுது தீர்த்து, தீபாவளிக்கு அவன் பேரில் படையலும் போட்டுவிட்டேன். இந்த மனுஷன் தொழிலை வளரவும் விடவில்லை, அவனைச் சாகவும் விடவில்லை.