செங்கா எடுத்த கணக்கு

செங்கா கால்பிரெய்த் அன்று காலையிலிருந்தே ஒரு நிலையில் இல்லை. பல் தேய்க்கும் பிரஷ்ஷை மைக்காகப் பிடித்துக்கொண்டு, குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து, "எல்லாருக்கும் வணக்கம்! நான் செங்கா. இன்னைக்கு மார்க் போடப்போறது நான்தான்!" என்று முழங்கினாள். கண்ணாடி முழுக்க நுரை.

சமையலறையில் சாசேஜ் வதக்கிக்கொண்டிருந்த உதவியாளர் மொய்ரா அங்கிருந்தே கத்தினாள். "வாயக் கொப்புளிச்சுட்டுப் பேசு தாயே! கண்ணாடிய யாரு தொடைக்கிறது, மந்திரி வந்து தொடைப்பாரா?"

"மந்திரி வந்தா அவருக்கும் மார்க் போடுவேன்!"

போடுவாள். கிளாஸ்கோ நகரத்தில், கவன் பகுதியில், அவளைத் தெரிந்தவர்கள் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். நாற்பத்தாறு வயது. ஐந்தடிக்கும் குறைந்த உயரம். தெருவையே எழுப்புகிற தொண்டை. அம்மா பெயர் ஆக்னஸ். ஆங்கிலத்தில் அதைப் பின்னாலிருந்து படித்தால் செங்கா. ஸ்காட்லாந்தில் அப்படிப் பெயர் வைப்பது உண்டு. "என்னையே திருப்பிப் போட்டுப் பெத்திருக்கேன்" என்று ஆக்னஸ் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

செங்கா டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். பிறந்த அன்றைக்கே டாக்டர் ஆக்னஸிடம், "இதை ஏதாவது இல்லத்துல விட்டுடுங்க. வீட்டுக்குப் போய் இன்னொண்ணு பெத்துக்கங்க" என்றாராம். ஆக்னஸ் கப்பல் கட்டும் தளத்தின் கேன்டீனில் வேலை பார்த்தவள்; ஆயிரம் ஆம்பிளைகளை அதட்டிச் சோறு போட்ட வாய். "உங்க வீட்ல புள்ள ஒண்ணு கோணலா வந்தா கடையில குடுத்து மாத்திக்குவீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு மேல் அவள் சொன்னதை அச்சில் போட முடியாது.

அந்த வாய்தான் மகளுக்கும் வந்தது. பள்ளிக்கூடம் முடிந்ததும் செங்காவைப் பகல் மையம் ஒன்றில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பிளாஸ்டிக் ஸ்பூனைக் காகிதத்தில் சுற்றி டப்பாவில் போடுகிற வேலை. இருபது வருடம் சுற்றினாள். ஒருநாள், "இதெல்லாம் எங்க போகுது?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கே ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். அதன் பிறகு கேள்வி கேட்பதே அவளுக்குத் தொழிலாகிவிட்டது. ஆக்னஸ் போன பிறகு தனி வீடு கேட்டாள், கிடைத்தது. உதவிக்கு ஆள் கேட்டாள், மொய்ரா கிடைத்தாள். மாநாட்டுக் குழுவில் இடம் கேட்டாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான சேவைகளை மேம்படுத்த வருடா வருடம் ஒரு மாநாடு நடக்கும். அதிகாரிகள், நர்சுகள், வீடு நடத்துகிற நிறுவனங்கள் எல்லாரும் வருவார்கள். செங்கா மாதிரி ஆட்களும் அதே அளவுக்கு வருவார்கள். இந்த வருட ஏற்பாட்டுக்காகக் குழு கூடியபோது தலைவர் ரோனா போன மாநாட்டின் மதிப்பீட்டைப் படித்தார். "பத்துல ஒன்பது பேருக்கு முழுத் திருப்தி."

செங்கா கையைத் தூக்கினாள். "யாருக்கு?"

"வந்தவங்களுக்கு, செங்கா."

"நானும்தான் வந்தேன். என்னைய யாரும் கேக்கலையே! டெக்லன், உன்னைக் கேட்டாங்களா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த டெக்லன் ஹெராட்டி, குழுவில் அவள் மாதிரியே இன்னொருவன், மெதுவாக யோசித்து, மெதுவாகத் தலையை ஆட்டினான். அவனைக் கேட்கவில்லை.

கேட்டிருக்கவும் முடியாது. மதிப்பீட்டுத் தாளைக் கொடுப்பது மாநாட்டின் கடைசியில், மூன்றரை மணிக்கு. அந்த ஊரில் உதவியாளர்களின் வேலை நேரம் மாறுவது அதற்கு முன்னால். அதனால் மூன்று மணிக்கே வண்டிகள் வந்து செங்காவின் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். மிச்சம் இருப்பவர்கள் அதிகாரிகள் மட்டும். சாப்பிட்டவர்களை எழுப்பி அனுப்பிவிட்டு, பரிமாறியவர்களிடமே பந்தி எப்படி என்று கேட்கிற கதைதான். இத்தனை வருடமாக ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையே, அதைச் சொல்லுங்கள்!

ரோனா நல்ல மனுஷி. முகம் சிவந்து போனாலும் மழுப்பவில்லை. "அப்ப இந்த வருஷம் நீயும் டெக்லனும் மார்க் போடுங்க. முடிவை மேடையில நீயே சொல்லு. வண்டிய நாலு மணிக்கு வரச் சொல்லிடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

செங்கா எழுந்து நின்றாள். "எங்க ஆளுங்க கடைசி வரைக்கும் இருப்பாங்க. பிடிச்சுதா பிடிக்கலையான்னு அவங்க வாயால சொல்லுவாங்க. இல்லேன்னா நான் மேடை ஏற மாட்டேன்." மைக் என்றால் உயிரை விடுகிறவள் சொன்ன வார்த்தை அது. குழுவே வாயைப் பிளந்தது.

மாநாட்டு நாளும் வந்தது. கவனின் பழைய நகர மண்டபம், வட்ட வட்ட மேசைகள், மேசைக்கு மேசை டீக் கப்புகள், வெளியே வழக்கம்போல மழை. ஒவ்வொரு பேச்சும் முடிந்ததும் ஆளுக்கொரு பந்தை எடுத்துக் கூடையில் போட வேண்டும். பிடித்திருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், பிடிக்கவில்லையென்றால் சிவப்பு. எழுதத் தெரியாதவர்களும் போடலாம் என்று குழுவே பாராட்டிய ஏற்பாடு.

முதல் பேச்சு ஓர் இளம் நர்ஸுடையது. ஊசிக்குப் பயப்படுகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு பெரிய கரடி பொம்மையை வைத்து நடித்துக் காட்டினாள். கரடி ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்ததும் மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. செங்கா சிரித்துச் சிரித்து மேசையில் தலையை முட்டிக்கொண்டாள்.

பிறகு கூடையைப் பார்த்தார்கள். சிவப்பும் மஞ்சளும் நிரம்பி வழிந்தன. பச்சை அடியில் கொஞ்சம். நர்ஸின் உதடு துடித்தது. "ஆரம்பமே இப்படியா?" என்றார் ரோனா. செங்கா எழுந்தாள். நேராக முதல் மேசைக்குப் போனாள். அங்கே வுல்லி இருந்தார்; எழுபதைத் தாண்டியவர், அவளோடு பகல் மையத்தில் ஸ்பூன் சுற்றியவர்.

"வுல்லி அண்ணே, அந்தப் பொண்ணு பேசினது பிடிக்கலையா?"

"யாரு சொன்னா? வயிறு வலிக்கச் சிரிச்சேன்!"

"பின்ன ஏன் சிவப்பப் போட்டீங்க?"

வுல்லி அவளை மேலும் கீழும் பார்த்தார். "வேற எதப் போடச் சொல்ற? பச்சையவா? எங்கப்பா குழியிலேருந்து எந்திரிச்சு வந்து அடிப்பாரு!"

அப்போதுதான் உறைத்தது. கிளாஸ்கோவில் பச்சை ஒரு நிறமில்லை, கட்சி. கால்பந்தில் பச்சை என்றால் செல்டிக் அணி, நீலம் என்றால் ரேஞ்சர்ஸ். ரேஞ்சர்ஸ் மைதானமே நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. மண்டபத்தில் பாதிக்கு மேல் நீலக் கட்சி. அவர்கள் பச்சைக் கீரையையே இரண்டு தரம் யோசித்துச் சாப்பிடுகிறவர்கள். பந்து வாங்கிய ரோனா வடக்கே இருக்கிற இன்வர்னஸ் ஊர்க்காரர், அவருக்கு இதெல்லாம் எட்டவில்லை. செங்காவுக்கு எட்ட வேண்டாமா? ஆனைக்கும் அடி சறுக்கும்.

"ஆமா, நீ எதப் போட்ட?" என்றார் வுல்லி.

செங்கா கூரையைப் பார்த்தாள். அவள் போட்டது மஞ்சள். "கை போகல அண்ணே, நான் என்ன செய்ய!"

டெக்லன் செல்டிக் கட்சி. அவன் நிதானமாகச் சொன்னான்: "நான் ஒரு கை நெறைய பச்சை போட்டேன். யாருமே எடுக்கல, பாவமா இருந்துச்சு."

"அடப்பாவி! இதுக்குப் பேரு கள்ள ஓட்டுடா!"

ரோனா சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸுக்கும் விஷயம் புரிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் கணக்கு நாறிப்போனது நாறிப்போனதுதானே? செங்கா தலையில் கை வைத்து நின்றாள். டீ ஊற்ற வந்த அம்மாளுக்கு, போதும் என்று சொல்லச் சோம்பல்பட்டு டெக்லன் தன் கப்பைக் கவிழ்த்து வைத்தான். செங்கா அந்தக் கப்பையே பார்த்தாள்.

"டேய் டெக்லன்! வேணாம்னா இப்படித்தான் வைப்பியா?"

"ஆமா."

"வேணும்னா?"

அவன் நிமிர்த்தி வைத்தான். செங்கா மைக்குக்கு ஓடினாள். "பந்தைத் தூக்கிக் கடாசுங்க! பிடிச்சிருந்தா கப்பு நிமிந்திருக்கட்டும், பிடிக்கலன்னா கவுத்துருங்க!"

"ஒடைஞ்சா யாரு காசு குடுப்பா?" என்று டீக்கார அம்மாள் கூவினாள். யாரும் காதில் வாங்கவில்லை. நர்ஸுக்கு மறுபடி மார்க் போட்டார்கள். மண்டபம் முழுக்க நிமிர்ந்த கப்புகள்! நர்ஸ் கரடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பேச்சுக்கும் கப்பு பேசியது. செங்கா மேசை மேசையாக ஓடி எண்ணினாள், டெக்லன் சுவரில் ஒட்டிய தாளில் கோடு போட்டான். மத்தியானச் சூப்புக்கு மட்டும் மண்டபமே கவிழ்த்தது. சூப்புக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். இனி ஒரு பேச்சும் கடைசிக் கேள்வியும்தான் பாக்கி. மொத்த மாநாட்டுக்கு மார்க். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

அப்போது வாசலில் ஹாரன் அடித்தது.

ஒரு பேராசிரியர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். உதவியாளர்கள் பழக்கதோஷத்தில் எழுந்தார்கள். கோட்டு ஜிப் இழுக்கும் சத்தம் மேசைக்கு மேசை பரவியது. மூன்று மணி! செங்கா வாசலுக்கு ஓடினாள். டிரைவர் ஷகி நனைந்த தொப்பியோடு நின்றிருந்தார்.

"நாலு மணின்னு சொல்லிருக்காங்கய்யா!"

"என்கிட்ட மூணுன்னுதான் சொன்னாங்க, கண்ணு. இத முடிச்சுட்டு ஸ்கூல் புள்ளைங்கள ஏத்தணும். மழையில நிப்பாங்க."

அவரும் பொய் சொல்கிற ஆளில்லை. ரோனா வண்டிக் கம்பெனிக்கு ஃபோன் போட்டார். அங்கே யாரோ ரோனா சொன்னதைச் சரியாகக் குறித்துக்கொள்ளவில்லை. "செங்கா, நீ மட்டும் இப்பவே மேடையேறிச் சொல்லிடேன்" என்றார் ரோனா, குரல் இறங்கி.

"எதச் சொல்றது? அவங்க போயிட்டா நான் யாரு கணக்கச் சொல்றது?" செங்கா மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள். வுல்லி அண்ணன் ஏற்கெனவே ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டிருந்தார். ஆயிற்று, இந்த வருடமும் போயிற்று என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, பொல்லாத கோபம் வந்தது. விறுவிறுவென்று மேடையேறினாள். பேராசிரியர் மரியாதையாக ஒதுங்கினார்.

"கார் வெச்சிருக்கவங்க எல்லாம் கையத் தூக்குங்க!"

எதற்கென்று தெரியாமலே கைகள் எழுந்தன. அதிகாரிகள், நர்சுகள், நிறுவனத்துக்காரர்கள். மேடையிலிருந்து பார்த்தால் பயிர் மாதிரி நின்றன.

"எறக்காதீங்க! தூக்கின கை தூக்கினபடியே இருக்கட்டும். எங்க ஆளுங்க எல்லாம் ஆளுக்கொரு காரப் பிடிச்சுக்கங்க. இவங்க நம்மள வீட்ல கொண்டு விடுவாங்க. யாரும் இப்ப போக வேணாம்!"

"இன்ஷூரன்ஸ் விதிப்படி..." என்று எங்கோ ஒரு முனகல்.

"சீட்டுலதான் உக்காருவோம், கூரை மேல இல்ல!"

சிரிப்பு வெடித்தது. அவ்வளவுதான், திருவிழாதான். வுல்லி நேராக முன்வரிசைக்குப் போய் கெர் என்பவரின் கையைப் பிடித்துக்கொண்டார். வுல்லி மாதிரியானவர்கள் தங்கியிருக்கிற வீடுகளுக்கான சேவை முழுதும் இந்தக் கெர்ரின் பொறுப்பில்தான் இருக்கிறது. "தோல் சீட்டா?" என்று வுல்லி விசாரித்தார். தோல் சீட்டுதான். டெக்லன், "பச்சைக் கார் யாருது?" என்று கேட்டுக்கொண்டே சுற்றினான். "சக்கர நாற்காலிக்காரங்கள நான் ஸ்கூல் முடிச்சுட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று ஷகி சொல்லிவிட்டு ஓடினார். மொய்ரா வீட்டுக்கு ஃபோன் போட்டு, "பையன நீயே போய்க் கூட்டிட்டு வா. எனக்கு இங்க வேலை இருக்கு" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றினாள்.

மூன்றரை மணி. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. செங்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"கடைசிக் கேள்வி. இன்னைக்கு இங்க பேசினதால உங்க வாழ்க்கைக்கு ஏதாச்சும் நல்லது நடக்குமா? நடக்கும்னா நிமித்துங்க. இல்லன்னா கவுத்துங்க. எங்களுக்காகப் பாக்க வேணாம், நெசத்தச் சொல்லுங்க."

கப்புகள் மேசையில் தட்டும் சத்தம் அடங்க நேரமாயிற்று. செங்கா எண்ணினாள், டெக்லன் எண்ணினான், மறுபடி எண்ணினார்கள். பாதிக்கு மேல் கவிழ்ந்து கிடந்தன. ரோனாவின் முகம் சுண்டிவிட்டது.

செங்கா மேடையில் குதித்தாள். "பாதிப் பேருக்கு மேல பிடிக்கல!" என்று கூரை அதிரக் கத்தினாள். "பாதிக்கு மேல பிடிக்கல!"

மொய்ரா கீழேயிருந்து, "ஏய், பிடிக்கலைன்னுதான சொல்றாங்க? அதுக்கு ஏன்டி குதிக்கிற?" என்றாள்.

"சொல்றாங்கல்ல மொய்ரா! இருந்து சொல்றாங்கல்ல!" கண்ணில் நீர் வழிய, மைக்கை இழுத்துக்கொண்டு அவள் மேடையிலிருந்து இறங்கினாள். முதலில் அகப்பட்டது முன்வரிசையில் கெர்ரின் பக்கத்தில் இருந்த வுல்லி. "ஏன் அண்ணே கவுத்தீங்க?"

வுல்லி மைக்கைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். "என் ரூம் கதவுக்கு உள்பக்கம் தாப்பா கெடையாது. யார் வேணா தொறந்துட்டு வராங்க, நான் துணி மாத்தும்போதும் வராங்க. ரெண்டு வருஷமா கேக்கறேன். காலையிலேருந்து எல்லாரும் பேசினீங்க, கதவப் பத்தி ஒருத்தரும் பேசல."

கெர் தொண்டையைச் செருமினார். "உங்க வீடு எது, வுல்லி? எனக்கு இது தெரியாதே."

"நீங்கதான கொண்டு விடப்போறீங்க" என்றார் வுல்லி. "வந்து பாருங்க."

கெர் தலையசைத்தார். செங்கா அதற்குள் மைக்கோடு அடுத்த கவிழ்ந்த கப்புக்குப் போய்விட்டாள்.